லாகூரிலிருந்து வந்த ஆஸ்பத்திரி



உத்தியோகத்தின் பொருட்டு டில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குக் கரோல்பாக் நெடுங்காலமாக இரண்டாவது சொந்த ஊர் போல் இருந்து வந்திருக்கிறது. அங்கே வீட்டில் யாருக்கேனும் உடம்பு முடியாமற் போனால், "கங்காராமுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்" என்று அண்டை வீட்டார் சொல்வது வழக்கம். பக்கத்தில் பழைய ராஜேந்திர நகரில் இருக்கும் ஸர் கங்காராம் ஆஸ்பத்திரியைத்தான் அவ்வாறு குறிப்பிடுகிறோம். பெயர் நம் நாவில் பழகிவிட்டது; ஆனால் அந்தக் கங்காராம் யார், எந்த ஊர்க்காரர் என்று நாம் விசாரிப்பதில்லை. விசாரித்தால் வியப்பே உண்டாகும். டில்லியில் இந்த மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அவர் காலமாகி ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கங்காராம் 1851-ஆம் ஆண்டில் பஞ்சாபிலே, இன்று பாகிஸ்தானில் அடங்கிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். ரூர்க்கியில் இருந்த தாம்ஸன் எஞ்சினீயரிங் கல்லூரியில் பயின்று 1873-இல் தேறினார். லாகூர் நகரின் பெரிய தபால் நிலையம், பொருட்காட்சி சாலை, ஏச்சிஸன் கல்லூரி முதலிய கட்டடங்களில் அவருடைய கைவண்ணம் உண்டு. 1903-இல் டில்லியில் நடந்த தர்பாருக்கான ஏற்பாடுகளிலும் அவர் பணியாற்றிப் பட்டம் பெற்றார். ஆகவே டில்லி மண்ணை அவர் அறியாதவரல்லர்.

உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகுதான் அவருடைய திறமை முழுவதும் வெளிப்பட்டது எனலாம். மாண்ட்காமரி ஜில்லாவில் 50,000 ஏக்கர் தரிசு நிலத்தை அரசாங்கத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். மேட்டு நிலமாகையால் கால்வாய் நீர் அங்கே தானாக ஏறாது. நீரின் வேகத்திலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தைக் கொண்டே நீரை மேலே ஏற்றிப் பாய்ச்சினார். சில ஆண்டுகளில் அந்தப் பொட்டல் விளைநிலமாயிற்று. இவ்வாறு ஈட்டிய பெருஞ்செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. 1914-இல் விதவை மறுமணத்துக்கு உதவும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். 1921-இல் லாகூர் நகரின் நடுவே ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். சாதி, மதம் கேட்காமல் வைத்தியம் செய்யவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1923-இல் தம் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை அமைத்து, வைத்தியசாலையை அதன் பொறுப்பில் விட்டார்.

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கே உரிய ஒரு சிறு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். 'டிரஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காகிதங்களில் 'அறக்கட்டளை' என்று எழுதுகிறோம். சிலருக்கு அது கரடுமுரடாகத் தோன்றுகிறது. நமக்கோ அது மிகப் பொருத்தமாகவே படுகிறது. நம் கோயில்களில் உச்சிக்காலக் கட்டளை, நந்தவனக் கட்டளை என்றெல்லாம் உண்டல்லவா? நிலத்தை எழுதி வைத்தவர் மறைந்து பல தலைமுறைகள் ஆனபின்பும், அந்த நிலத்தின் வருவாயிலிருந்து அவர் சொன்ன காரியம் நடந்துகொண்டிருக்கும். பொருள் வேறு பலர் கைக்குப் போய் நிர்வகிக்கப்பட்டாலும், ஏவியவர் சொல் நிற்கும். கங்காராம் செய்ததும் அத்தகைய கட்டளையே. 1927-இல் அவர் லண்டனில் காலமானார். சாம்பலில் ஒரு பகுதி கங்கையில் கரைக்கப்பட்டது. மற்றொரு பகுதி லாகூருக்குக் கொண்டு வரப்பட்டு, அங்கே சமாதி எழுப்பப்பட்டது.

கட்டளைக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 1947-இல் வந்தது. தேசம் பிரிந்தது, லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு யார் வரமுடியும்? அக்காலத்து வெறியைப் பற்றி உருது எழுத்தாளர் ஸாதத் ஹஸன் மண்டோ மிகச் சிறிய கதை ஒன்று எழுதியிருக்கிறார். லாகூரில் ஒரு கும்பல் கங்காராமின் சிலையைத் தாக்குகிறது. ஒருவன் அதற்குச் செருப்பு மாலை போட ஏறுகிறான். போலீஸார் சுடுகிறார்கள். காயம்பட்ட அவனைச் சிகிச்சைக்காக எடுத்துச் செல்லும் இடம் ஸர் கங்காராம் ஆஸ்பத்திரி! கதைதான், ஆனால் சாதி மதம் கேளாமல் என்று ஏற்பாடு செய்தவரின் எண்ணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

லாகூர் ஆஸ்பத்திரி மூடப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இன்றும் அது அதே பெயருடன் நடக்கிறது. 1948-இல் தோன்றிய பாத்திமா ஜின்னா மருத்துவக் கல்லூரி அதனுடன் இணைந்து வளர்ந்து, இப்போது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. புதிய நாட்டார் எத்தனையோ தெருக்களின் பெயரை மாற்றினார்கள். இந்தப் பெயரை மாற்றவில்லை.

இந்தப் பக்கம் வந்தவர்கள் கையில் இருந்தது பெயரும் கட்டளையுமே. லாகூரிலிருந்து வெளியேறிய அகதிகள் டில்லியில் வந்து குவிந்திருந்த நேரம். அவர்களுக்கென எழுந்த குடியிருப்புகளில் ஒன்றுதான் ராஜேந்திர நகர். அங்கே சுமார் 11 ஏக்கர் நிலம் கிடைத்தது. 1951 ஏப்ரலில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மூன்றாண்டுகள் கழித்து 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி அவரே வந்து திறந்து வைத்தார். பஞ்சாபியருக்கு வைசாகி, நமக்குச் சித்திரைப் பிறப்பு என்று இரு சாராருக்கும் ஆண்டு தொடங்குகிற வேளை அது. வீடு வாசல் இழந்து வந்த மக்களுக்குத் தம் ஊர் ஆஸ்பத்திரியின் பெயரைப் புதிய சுவரில் கண்டது எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும் என்பதை, ஊரைவிட்டு வந்து வாழும் நாம் ஓரளவு ஊகிக்கலாம்.

அதன் பின் வளர்ச்சி படிப்படியாக வந்தது. இன்று ஏறத்தாழ 675 படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனை அது. உயர்படிப்பு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. வடநாட்டின் பல பகுதிகளிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். டில்லி ஆஸ்பத்திரிகளில் கேரளத்துச் செவிலியர் பலர் பணி செய்வதால், ஹிந்தி பேசத் தெரியாத நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி "தண்ணி" என்று கேட்டால் புரிந்துகொள்ள யாரேனும் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் பெரிதாக வளர்ந்த எந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்கும் ஒரு சிக்கல் உண்டு. லாகூரில் சிறு வைத்தியசாலையை ஒரு செல்வரின் சொத்து தாங்கிற்று. இக்காலத்து வைத்தியத்தை அவ்வாறு தாங்க இயலாது. கருவிகளின் விலையும் மருந்தின் விலையும் அத்தகையவை. ஆகவே வசதியுள்ளவர் கொடுக்கும் கட்டணத்தின் மிச்சத்தில் வசதியற்றவருக்கு வைத்தியம் செய்வது என்ற முறை வந்தது. பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்கும் வியாபார ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் வேற்றுமை அதுவே. இரண்டையும் 'தனியார்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது அவ்வளவு சரியன்று. எனினும் பில் கட்டும் ஜன்னலுக்கு முன் நிற்கிற சம்பளக்காரருக்கு இந்த வேற்றுமை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காக அவரைக் குறைகூறவும் முடியாது.

மிச்சம் பிடித்து வளர்ந்த பெரிய நிலையமும் தன்னந்தனியே நிற்க முடியாது என்பதை 2021 காட்டிற்று. கொரோனா இரண்டாம் அலையில் டில்லி முழுவதும் பிராணவாயுவுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி காலை, முந்தைய 24 மணி நேரத்தில் கடும் நோயாளிகள் 25 பேர் இறந்துவிட்டனர் என்றும், கையிருப்பில் உள்ள பிராணவாயு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கே காணும் என்றும் இந்த ஆஸ்பத்திரியிலிருந்தே அறிவிப்பு வந்தது. வெளியூர்களிலிருந்த நம் உறவினர் அன்று டில்லிக்குச் செய்த தொலைபேசி அழைப்புகளை மறக்க முடியாது.

இலவச வைத்தியத்தைப் பற்றிய சட்ட நிலையை நம்மவர் அறிந்திருப்பது நலம். டில்லியில் சலுகையாக அரசாங்க நிலம் பெற்ற தனியார் மருத்துவமனைகள், உள்நோயாளிகளில் 10 சதவீதத்தினருக்கும் புறநோயாளிகளில் 25 சதவீதத்தினருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யவேண்டும் என்று 2007-இல் டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய கடமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தபோது, அவ்வழக்குக்குப் பெயர் தந்த மூல்சந்த் கைராதிராம் அறக்கட்டளையும் லாகூரில் தோன்றியதே. டில்லியில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் தமிழ்ப் பெண்களும், கூலி வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளரும் பலர் இந்த உரிமையை அறியாமலேயே வட்டிக்குக் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கிறார்கள். அவர்களுள் யாரையேனும் நேயர்கள் அறிந்திருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் கட்டண ஜன்னலுக்குப் போகாமல், வருவாய் குறைந்தோருக்கான உதவி மேஜை எங்கே என்று முதலில் கேட்கும்படி சொல்லுங்கள். பாஷை வராவிட்டால் கூடச் சென்று நீங்களே கேட்டுக் கொடுங்கள்.