முழங்கால் அறுவைக்குப் பின் கடலுக்குள்

முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், மருத்துவர் சம்மதித்த பிறகு, அந்தமானின் ஸ்வராஜ் தீவுக்கு (பழைய பெயர் ஹேவ்லாக்) ஸ்கூபா டைவிங் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (டைவிங் உடை) எடுப்பது?

அங்கே கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ். வெதுவெதுப்புதான். ஆனாலும் தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். முக்கால் மணி நேரத்தில் குளிர் தெரியும். ஆறிவரும் மூட்டு விறைத்துக்கொள்ளும். அதனால் 5 மில்லிமீட்டர்தான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடையின் தடித்த நியோப்ரீன் ரப்பர் முட்டியை லேசில் மடக்கவிடாது. ஒவ்வொரு உதைப்பிலும் கால் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அதிகம் மிதக்கும் என்பதால் மூழ்குவதற்கு இடுப்பில் கூடுதல் ஈயக்கட்டி வேறு. அந்தப் பாரத்தோடு படகு ஏணியில் ஏறினால், சுமை இறங்குவது முழங்காலில்தான்.

பெரும்பாலோருக்கு 3 மில்லிமீட்டர் போதும். குளிர் தாங்காதவர்கள் உள்ளே மெல்லிய வெஸ்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். உடம்பில் சூடு நிற்கும், முட்டிக்குத் தடையில்லை. கணுக்காலில் ஜிப் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கழற்றும்போது குதிகாலில் மாட்டிக்கொள்ளும். இழுக்கிற இழுப்பில் முட்டி திருகிக்கொள்ளும். ஒற்றைக் காலில் நின்று மாட்டவே கூடாது, உட்கார்ந்துதான்.

மேலே வந்ததும் ஈயப் பட்டையைப் படகில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். உதவி கேட்கத் தயங்காதீர்கள்.