தள்ளுவண்டிக்கும் கணக்கு வேண்டும்

(அடையாறில் நடந்த சிறு வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விடியுமுன் கோயம்பேடு போய் மூட்டை எடுத்து வந்து, அடையாறிலும் சாஸ்திரி நகரிலும் காய்கனி விற்பவர்கள் நீங்கள். விற்பனை வரி என்றாலே, "அது பெரிய கடைக்காரர் சமாச்சாரம் பாய்" என்கிறீர்கள். அப்படியா? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

மதுவிலக்கால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பிறகு 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2007இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடக்கிறது. அன்று அதிகாரி கடைக்கு வந்து கணக்குக் கேட்டார். இன்று உங்கள் வண்டியில் தொங்கும் கியூஆர் அட்டையே அவருக்குக் கணக்குச் சொல்லிவிடுகிறது!

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது என்ன? ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்ச ரூபாய் வரி கேட்டு நோட்டீஸ் வந்தது. நான்காண்டுகளில் அவர் கணக்கில் வந்த 1.63 கோடி ரூபாயைத்தான் துறை பார்த்தது. அவர் விற்றதோ வரியே இல்லாத பச்சைக் காய்கறி! பெங்களூரில் பல கடைக்காரர்கள் பயந்துபோய், "ரொக்கம் மட்டும்" என்று எழுதி மாட்டினார்கள். வியாபாரிகள் ஒன்றுதிரண்டு கேட்ட பிறகே, விலக்குள்ள பொருளுக்கு வரி வசூலிக்க மாட்டோம் என்று அந்த அரசு அறிவித்தது.

இது நமக்கு நாளை வரலாம். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பச்சைக் காய்கறி, பழம், தேங்காய், இளநீர் இவற்றுக்கு வரி இல்லை. இவற்றை மட்டும் விற்பவர், விற்பனை எவ்வளவு ஆனாலும் பதிவு செய்யத் தேவையில்லை.

ஆனால் அதே கடையில் காய்ந்த மிளகாய், மஞ்சள் தூள், உலர்ந்த பேரீச்சை வைத்து விற்றால் நிலைமை வேறு. அவை 5 சதவீத வரிக்குரியவை. பேரீச்சைக்கு 2025 செப்டம்பர் 22க்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. அரிசியைத் தளர்வாக அளந்து விற்றால் வரி இல்லை. 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். அந்த 40 லட்சத்தில் வரியில்லாத காய்கறி விற்பனையும் சேரும். நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்றாலே அந்த எல்லை வந்துவிடும். சுமாரான பழக்கடைக்கு இது பெரிய தொகையா? 39 லட்சத்துக்குப் பழமும் 2 லட்சத்துக்குப் பேரீச்சையும் விற்றவர் பதிவு செய்தே ஆக வேண்டும். பயப்படாதீர்கள், வரி அந்த 2 லட்சத்துக்குத்தான். ஆனால் பதிவு செய்யாமல் இருந்துவிட்டால் அபராதமும் வந்து சேரும்.

எனவே சகோதரர்களே, மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, கோயம்பேட்டில் தரும் துண்டுச் சீட்டை எறியாதீர்கள். நீங்கள் விற்றது தக்காளிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டு, வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணமும், மச்சானிடம் வாங்கிய கைமாற்றும் விற்பனைப் பணத்தோடு கலந்தால், பார்ப்பவருக்கு எல்லாமே விற்பனையாகத்தான் தெரியும்.

மூன்று, நோட்டீஸ் வந்தால் மறைத்து வைக்காதீர்கள். அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் இல்லையென்றால், கேட்ட தொகையே கட்ட வேண்டிய தொகையாகிவிடும்.

படித்த இளைஞர்களே! உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் எத்தனையோ பேர் தராசு பிடித்து நிற்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் வரவு செலவு எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு நோட்டு ஒரு குடும்பத்தின் முதலைக் காப்பாற்றும்.