என் நாடிக்குத் தாளம் கிடையாது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு ஒரு வாழ்க்கை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே சீரமைக்கப்பட்டது.)

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வலது கையோட நடு மூணு விரலை இடது மணிக்கட்டுல, கட்டைவிரலுக்கு நேர் கீழே வைங்க. லேசா அழுத்துங்க. துடிப்பு தெரியுதா? எத்தனைன்னு இப்போ எண்ண வேண்டாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை மட்டும் கவனிங்க. பெரும்பாலானவங்களுக்கு அது சீரா இருக்கும். மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். அது இயல்புதான்.

என் நாடி அப்படி இருக்காது. ரெண்டு துடிப்பு ஒட்டி வரும். அப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. திடீர்னு மூணு வேகமா. ஒண்ணு பலமா இருக்கும், இன்னொண்ணு வந்துச்சா இல்லையான்னே தெரியாது. இதுக்குப் பேர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமா ஏ-ஃபிப். எனக்கு 33 வயசு. அஞ்சு வருஷமா இதோடதான் ஆபீஸ் போறேன், மெட்ரோ ஏறுறேன், சமைக்கிறேன், சண்டை போடுறேன்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. இதைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ, அளவை மாத்தவோ வேண்டாம். அதை உங்க டாக்டர்கிட்ட பேசுங்க.

உள்ளே என்ன நடக்குது?

இதயத்துல நாலு அறைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். மேலே ரெண்டு, கீழே ரெண்டு. மேல வலது அறையில ஒரு சின்னத் திசு இருக்கு. அதுதான் மின்துடிப்பைக் கிளப்பிவிடுது. நாம சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60லேருந்து 100 தடவை. ஏ-ஃபிப்ல மேல் அறைகள் முழுக்க ஆளாளுக்கு மின்துடிப்பு கிளம்பும், நிமிஷத்துக்கு 350லேருந்து 600 வரைக்கும். அந்த வேகத்துல மேல் அறையால சுருங்க முடியாது. நடுங்கத்தான் முடியும்.

நல்லவேளை, மேலுக்கும் கீழுக்கும் நடுவுல ஒரு வாசல் இருக்கு. ஏ.வி. நோட்னு பேர். வர்ற கூட்டத்தை எல்லாம் அது உள்ளே விடாது. சிலதை மட்டும் விடும், ஆனா எந்த ஒழுங்கும் இல்லாம. நம்ம மணிக்கட்டுல தெரியுற தாறுமாறு அதுதான்.

பொதுவா இது வயசானவங்களுக்கு அதிகம் வரும். ரத்த அழுத்தம், உடல் எடை, தைராய்டு அதிகமா சுரக்கிறது, தூக்கத்துல குறட்டையோட மூச்சு நின்னு நின்னு வர்ற ஸ்லீப் ஆப்னியா, இதெல்லாம் காரணமாகும். குடியும் ஒரு காரணம். வார இறுதியிலயும் விடுமுறையிலயும் நிறையக் குடிச்சுட்டு, நெஞ்சு படபடப்போட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களைப் பார்த்து, பிலிப் எட்டிங்கர்ங்கிற அமெரிக்க டாக்டரும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 1978லயே இதுக்கு 'ஹாலிடே ஹார்ட்'னு பேர் வச்சாங்க. சனிக்கிழமை பார்ட்டிக்குப் போறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

என் கதை வேற. சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் மூட்டு வீக்கம் வந்துச்சாம். ரூமேட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி தொண்டையில வரும்போது, அதை எதிர்க்கக் கிளம்புற நம்ம உடம்போட படையே சில பேருக்கு இதய வால்வையும் தாக்கிடும். எனக்கு மைட்ரல் வால்வு தடிச்சு, சுருங்கிப் போச்சு. 26 வயசுல பலூன் வச்சுத் திறந்தாங்க. ஜப்பான்ல கான்ஜி இனோவேங்கிற அறுவை மருத்துவர் 1982ல முதல் தடவை செஞ்ச முறை. நெஞ்சைத் திறக்காம, தொடைப் பக்கத்து ரத்தக் குழாய் வழியாவே இதயத்துக்குப் போறாங்க. வால்வு திறந்துச்சு. ஆனா வருஷக்கணக்கா அழுத்தம் தாங்கி விரிஞ்சுபோன இடது மேல் அறை பழைய அளவுக்குத் திரும்பலை. 28 வயசுல அது நடுங்க ஆரம்பிச்சுது.

பயப்பட வேண்டியது எதுக்கு?

ஏ-ஃபிப் வந்த புதுசுல எல்லாருக்கும் பயம் படபடப்பைப் பார்த்துதான். ராத்திரி இடது பக்கம் படுத்தா காதுக்குள்ள கேட்கும். படி ஏறினா மூச்சு வாங்கும். அதுக்கு மாத்திரை இருக்கு. நான் மெட்டோபுரோலால் போடுறேன். தாளத்தைச் சரி பண்ணாது, வேகத்தைக் கட்டுப்படுத்தும். சில பேருக்கு ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்புவாங்க. இன்னும் சில பேருக்கு அப்லேஷன் பண்ணுவாங்க. நுரையீரல்லேருந்து வர்ற ரத்தக் குழாய்களோட வாயிலதான் பெரும்பாலும் இந்தக் கலாட்டா தொடங்குதுன்னு 1998ல பிரான்ஸ்ல இருக்கிற போர்டோ நகரத்து டாக்டர்கள் காட்டினதுக்கு அப்புறம் அந்த சிகிச்சை பெருசா வளர்ந்துச்சு. என் மேல் அறை ரொம்ப விரிஞ்சிருக்கிறதால, எனக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தினா போதும்னு முடிவு பண்ணாங்க.

ஆனா நிஜ ஆபத்து சத்தமே போடாது. மேல் அறை சரியா சுருங்கலைன்னா ரத்தம் அங்கே தேங்கும். தேங்கின ரத்தம் உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். அமெரிக்காவுல ஃபிரேமிங்ஹாம்ங்கிற ஊர்ல 1948லேருந்து மக்களைத் தொடர்ந்து கவனிச்சுட்டு வர்ற ஒரு ஆய்வு இருக்கு. வால்வுக் கோளாறு இல்லாத ஏ-ஃபிப்ல பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு, ரூமேட்டிக் வால்வு நோயோட சேர்ந்த ஏ-ஃபிப்ல சுமார் 17 மடங்குன்னு 1978ல அதுலேருந்து எழுதினாங்க. நான் அந்த ரெண்டாவது கூட்டம்.

அதனால நான் தினமும் போடுற மாத்திரைகள்ல முக்கியமானது, போட்டா எந்த வித்தியாசமும் தெரியாத அந்த ஒண்ணுதான். ரத்தம் உறையாம பார்த்துக்கிற மாத்திரை. படபடப்பு நின்னுபோச்சுன்னு பல பேர் முதல்ல விடுறதும் அதைத்தான்.

எலி மருந்தும் முருங்கைக் கீரையும்

நான் போடுறது அசிட்ரோம். வார்ஃபரின் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1920கள்ல வட அமெரிக்காவுல, கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ன மாடுகள் ரத்தம் நிக்காம செத்துப்போச்சு. அந்தத் தீவனத்துல என்ன இருக்குன்னு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஆராயப்போய்க் கிடைச்சதுதான் இந்த மருந்து. 1948ல எலி மருந்தா விற்பனைக்கு வந்துச்சு. 1954ல மனுஷங்களுக்கு அனுமதி கிடைச்சுது. இதை எங்க சித்திகிட்ட சொன்னப்போ, "எலி மருந்தையா தின்னுட்டு இருக்கே?"ன்னு ஒரு வாரம் தூங்கலை.

இப்போ புது மாத்திரைகள் இருக்கு. வால்வு நல்லா இருக்கிற ஏ-ஃபிப்காரங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் கொடுக்கிறாங்க. வயசு, மத்த நோயெல்லாம் கணக்குப் போட்டு, இளவயசுல சில பேருக்கு மாத்திரையே தேவையில்லைன்னும் சொல்லுவாங்க. ஆனா என்னை மாதிரி மைட்ரல் வால்வு சுருங்கினவங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 24 நாடுகள்ல நடந்த இன்விக்டஸ்ங்கிற ஆய்வோட முடிவு 2022ல வந்துச்சு. ரூமேட்டிக் இதய நோயோட ஏ-ஃபிப் இருக்கிறவங்ககிட்ட, புது மாத்திரையான ரிவரோக்சபானைவிட பழைய வார்ஃபரின் குடும்பம்தான் அதிக உயிரைக் காப்பாத்துச்சு. "அவங்களுக்கு மட்டும் டெஸ்ட் இல்லாத மாத்திரை, எனக்கு ஏன் இந்தப் பழசு?"ன்னு கேட்கிறவங்களுக்கு அதுதான் பதில்.

பழசோட சிக்கல், அளவு பிசகினா ரெண்டு பக்கமும் ஆபத்து. அதுக்குத்தான் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. என் இலக்கு 2க்கும் 3க்கும் நடுவுல. குறைஞ்சா உறையும், கூடினா ரத்தம் கசியும். மாசம் ஒரு தடவை போறேன், அளவு மாத்தினா அடுத்த வாரமே மறுபடி. போன்ல ஒரு எக்செல் ஷீட் வச்சிருக்கேன்: தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, அந்த வாரம் புதுசா என்ன மருந்து சாப்பிட்டேன்.

எல்லாரும் கேட்கிற கேள்வி: கீரை சாப்பிடலாமா? கீரையில வைட்டமின் கே இருக்கு, அது இந்த மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும். அதுக்காகக் கீரையையே நிறுத்த வேண்டியதில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டா போதும், மாத்திரை அளவை அதுக்கு ஏத்த மாதிரி வைப்பாங்க. வம்பு எங்கே வரும்னா, ஹாஸ்டல்ல கீரையே பார்க்காம இருந்துட்டு, ஊருக்குப் போன பத்து நாளும் பாட்டி கையால முருங்கைக் கீரைப் பொரியலா சாப்பிடும்போது.

மத்தபடி என் சட்டங்கள் இவ்வளவுதான். மாத்திரை ராத்திரி எட்டு மணிக்கு, அலாரத்தோட. மறந்துட்டா அன்னிக்கே போட்டுக்கணும், அடுத்த நாள் ரெண்டா போடக் கூடாது. வலிக்கு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் நானா வாங்க மாட்டேன். எந்த ஆன்டிபயாடிக், சித்த மருந்து, லேகியமா இருந்தாலும் கேட்டுட்டுத்தான். பல் டாக்டர்கிட்ட உட்காரும்போதே சொல்லிடுவேன். மலம் கறுப்பாப் போனாலோ, சிறுநீர்ல ரத்தம் வந்தாலோ, தலையில பலமா அடிபட்டாலோ நேரா ஆஸ்பத்திரிதான்.

யாரும் நம்மகிட்ட பேசாத விஷயம்

இந்த மாத்திரை போடுற பொண்ணுங்களுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம். எனக்கு ஆச்சு. நாலு வருஷம் இதயத்தைப் பத்தி எல்லாம் கேட்ட டாக்டர்கள்ல ஒருத்தர்கூட, "பீரியட்ஸ் எப்படி இருக்கு?"ன்னு கேட்கலை. மூச்சு வாங்குறது இதயத்தாலன்னே எல்லாரும் நினைச்சோம். ஒரு மகப்பேறு டாக்டர்தான் ஹீமோகுளோபின் பார்த்தாங்க. ரத்தசோகை. ரத்தசோகை வந்தா இதயம் இன்னும் வேகமா ஓடும், ஏ-ஃபிப் இன்னும் மோசமாத் தெரியும். அதனால நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க. எத்தனை நாள், எத்தனை பேட்னு கணக்கோட சொல்லுங்க. கருத்தடை மாத்திரையையும் கேட்காம ஆரம்பிக்காதீங்க. ஈஸ்ட்ரோஜன் இருக்கிற மாத்திரை ரத்தம் உறையுற ஆபத்தைக் கூட்டும்.

அடுத்தது குழந்தை. எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னுதான் முதல் கேள்வி. அசிட்ரோம், வார்ஃபரின் ரெண்டும் கருவைப் பாதிக்கக்கூடியது, முக்கியமா 6லேருந்து 12 வாரத்துக்குள்ள. அதாவது நாள் தள்ளிப்போச்சுன்னு கவனிக்கிற அந்த நேரத்துலயே. மாத்திரையை விட்டா எனக்குப் பக்கவாத ஆபத்து. போட்டா குழந்தைக்கு ஆபத்து. இதுபோக, கர்ப்ப காலத்துல உடம்புல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட பாதி கூடும். சுருங்கின வால்வுக்கு அது பெரிய சுமை.

வழி இல்லாம இல்லை. முதல் மூணு மாசம் ஹெபாரின் வகை ஊசி. அது குழந்தைக்குப் போகாது. நடுவுல மறுபடி மாத்திரை, பிரசவம் நெருங்கும்போது திரும்ப ஊசி. இது ஒரு திட்டம். வயித்துல தோலுக்கு அடியில நாமளே போட்டுக்கலாம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. ஆனா இதைக் கர்ப்பம் ஆன பிறகு யோசிக்க முடியாது. அதனால இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் சேர்த்து வச்சுப் பேசினோம். வால்வு மறுபடி கொஞ்சம் சுருங்கியிருக்கு. அடுத்த மாசம் எக்கோ. அதைப் பார்த்துட்டு, முதல்ல இன்னொரு பலூன் வேணுமான்னு முடிவு பண்ணுவாங்க. வேண்டாம்னு சொன்னாலும் சொல்லலாம். அதுக்கும் நானும் அவரும் பேசி வச்சிருக்கோம். அத்தைகிட்ட மட்டும் இன்னும் சொல்லலை.

உங்களுக்கு

மணிக்கட்டுல விரல் வச்சீங்களே, இடைவெளி தாறுமாறா இருந்துச்சா? ஒரு முழு நிமிஷம் மறுபடி பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா ஒரு ஈ.சி.ஜி. எடுங்க. கையில கட்டுற ஸ்மார்ட்வாட்ச் எச்சரிச்சாலும் அதேதான். வாட்ச் சந்தேகத்தைத்தான் சொல்லும், ஈ.சி.ஜி.தான் உறுதி பண்ணும். இன்னிக்கு ராத்திரி உங்க அப்பா, அம்மா, பாட்டி நாடியையும் பிடிச்சுப் பாருங்க. அவங்களுக்குத்தான் இது அதிகம் வரும். பல பேருக்கு எதுவுமே தெரியாது.

யாருக்காவது திடீர்னு முகம் ஒரு பக்கம் கோணினா, ஒரு கையைத் தூக்க முடியலைன்னா, பேச்சு குழறினா, படுக்க வச்சுப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு குறிச்சுக்கோங்க. கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்கன்னா அதைக் கட்டாயம் சொல்லுங்க. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். என் பர்ஸுல ஒரு சீட்டு இருக்கு: பேர், ரத்த வகை, 'அசிட்ரோம் எடுக்கிறேன்', வீட்டு நம்பர்.

உங்க வீட்டுலயும் யாருக்காவது ஏ-ஃபிப் இருந்தா எழுதி அனுப்புங்க. முக்கியமா, இந்த மாத்திரையோட குழந்தை பெத்தவங்க இருந்தா உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. எனக்கும் கேட்கணும். மணி எட்டாகப் போகுது, அலாரம் அடிக்கும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.