நோயில்லாத மாட்டைத் தேடிப் போவோம்

 

மாட்டைப் பார்த்ததும் நாம் என்ன கேட்கிறோம்? தீனி எடுக்கிறதா, அசை போடுகிறதா, காய்ச்சல் உண்டா, பால் குறைந்ததா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தால் அடுத்த மாட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தக் கருத்தரங்கில் நாம் பேசவிருக்கும் கிருமி, அப்படி நாம் கடந்துபோகும் மாட்டில்தான் குடியிருக்கிறது.

அந்தக் கிருமியான ஈ. கோலை ஓ157 மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1982-இல். அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தக் கழிச்சல் கண்டது. மறு ஆண்டே டொராண்டோவில் கர்மாலி குழுவினர், குழந்தைகளின் சிறுநீரகத்தை முடக்கும் ஒரு நோய்க்கும் இவ்வகைக் கிருமிகளின் நச்சுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். கிருமி வந்த தடத்தைத் தேடிப் போனால், அது மாட்டுத் தொழுவத்துக்கு இட்டுச் சென்றது. மாடுகளோ ஒரு குறையுமின்றி அசைபோட்டுக்கொண்டிருந்தன.

நச்சு வேலை செய்ய வேண்டுமானால் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி உடலில் இருக்க வேண்டும். மனிதச் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் அது நிறைய உண்டு. மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் இல்லை. அதனால் மாடு தப்பிக்கிறது. அதன் சாணம் பட்ட இறைச்சியோ கீரையோ தண்ணீரோ உட்கொண்ட குழந்தை மாட்டிக்கொள்கிறது.

மாட்டுக்குள் இது எங்கே இருக்கிறது? 2003-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் சொன்ன விடை பலரை வியப்பில் ஆழ்த்தியது. மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில், ஆசனவாய்க்குச் சற்று உள்ளேதான் அது பெருகுகிறது. அந்த இடத்தை ஒரு பஞ்சுக்குச்சியால் துடைத்து, சார்பிட்டால் சேர்த்த வளர்ப்புத்தட்டில் தேய்த்துவிட்டு மறுநாள் பாருங்கள். மற்ற ஈ. கோலைகள் இளஞ்சிவப்பாய்ப் பூத்திருக்கும். நடுவே நிறமற்று வெளிறிய புள்ளிகள் சில தெரியும். அவை ஓ157 ஆக இருக்கலாம் என்ற சந்தேகம் அங்கே தொடங்குகிறது. ஒரே மந்தையில் சில மாடுகள் மட்டும் கிருமியை மிக அதிகமாக வெளியேற்றுகின்றன என்பதும் தெரியவந்திருக்கிறது.

கனடாவின் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரை மறக்க முடியாது. 2000 மே மாதம் கனமழை பெய்தது. பக்கத்து வயலில் இட்டிருந்த மாட்டு எருவின் கிருமிகள் ஊருக்குக் குடிநீர் தந்த ஆழமில்லாத கிணற்றில் இறங்கின. குளோரின் போதவில்லை. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். நீதிபதி ஓகானரின் விசாரணை, எருவிட்டவர் முறைப்படியே நடந்திருக்கிறார் என்று சொன்னது. மாட்டிலும் நோயில்லை, மாட்டுக்காரரிடமும் தவறில்லை. ஆனாலும் ஊர் பாடையைச் சுமந்தது.

பாடம் அத்தோடு முடியவில்லை. மாடு கிருமியை வெளியேற்றுவதைக் குறைக்கும் தடுப்பூசிக்கு 2008-இல் கனடாவில் முழு அனுமதி கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை, உற்பத்தி நின்றுபோனது. பண்ணைக்காரரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஊசி போட்டால் பால் கூடாது, எடை கூடாது. பலன் போவது யாரோ ஒரு வீட்டுக் குழந்தைக்கு. அப்படியானால் அந்த ஊசிக்குப் பணம் தர வேண்டியது மக்கள் நல்வாழ்வுக்கான நிதிதான். இது என் உறுதியான கருத்து.

எனவே, இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மாடுகளில் கிருமி இருந்தது என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மாடு, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். தடுக்க என்ன செலவாகும், அதை யார் ஏற்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள். முன்னே வந்து அமருங்கள். இது உங்கள் நோயாளியைப் பற்றிய கருத்தரங்கு. எங்கள் மாடு நலமாகத்தான் இருக்கிறது.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.