இடக்கைச் செவர்லே, வலக்கைச் சாலை
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உன் பட்டறையில நடந்தது ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பட்டறைக்குச் சில வருடம் முன்பு ஒரு 1956 செவர்லே வந்தது. இடது பக்கம் ஸ்டியரிங். அதை வலது பக்கம் மாற்றித் தரவேண்டும் என்றார் உரிமையாளர். மகள் கார் ஓட்டக் கற்றிருக்கிறாள். தாத்தா வாங்கிய வண்டியைத் தானே ஓட்டவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அமெரிக்க வண்டி என்றால் இடக்கை வண்டிதான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் ஓடிய செவர்லேக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே வலக்கை வண்டிகள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே பம்பாயில் வண்டி பூட்ட ஆரம்பித்து, 1954ல் மூடிவிட்டுப் போனது. டாட்ஜ், பிளிமத் பிரீமியர் கம்பெனியிலும், ஸ்டூடிபேக்கர் இந்துஸ்தான் மோட்டார்ஸிலும் பூட்டப்பட்டன. இடக்கை வண்டிகள் வந்தது வேறு வழியில். தூதரகக்காரர்கள் கொண்டுவந்து, ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டிகள் அவை. அப்புறம் ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது நம் ஆவடி பெரிய ராணுவக் கிடங்கு. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட 'டிஸ்போசல்' ஜீப்புகளைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். வலது பக்கம் உட்கார்ந்த கிளீனர் தலையை நீட்டிப் பார்த்து "போலாம், போலாம்!" என்பார். அவர் வாயை நம்பித்தான் ஓவர்டேக்!

சரி, மாற்றுவது எப்படி? ஸ்டியரிங் ராடைப் பிடுங்கி அந்தப் பக்கம் நடுவதுதானே என்று கேட்பீர்கள். இடது சேசிஸ் சட்டத்தில் பூட்டிய பாக்ஸின் போல்ட் முகம் வலது சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். சரி, தலைகீழாகத் திருப்பிப் பூட்டலாம் என்றால், பிட்மன் ஆர்ம் பழைய திசையையே பார்த்திருந்தால், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப சக்கரம் இடப்பக்கம் போகும். மாணவர்கள் இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் புரியும், பரீட்சைக்கும் உதவும். ஆகவே கண்ணாடிப் பிம்பம் போன்ற வேறு பாக்ஸ் வேண்டும். எதிர்ப்பக்கம் ஐட்லர் ஆர்மும் இடம் மாறவேண்டும். கிளச், பிரேக் பெடல், மாஸ்டர் சிலிண்டர், கியர் ராடு எல்லாம் கூடவே கிளம்பும். வி8 இன்ஜின் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் வலப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். நாம் ராடு இறக்க நினைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே.

ஒன்றே ஒன்று சுலபம், டாஷ்போர்டு. 1955, 56 மாடல்களில் அது இரண்டு பக்கமும் ஒரே வடிவம். இடப்பக்கம் மீட்டர், வலப்பக்கம் அதே விசிறி வடிவில் ஸ்பீக்கர் ஜாலி. 57ல் அமெரிக்காவில் புது டாஷ்போர்டு போட்டார்கள். வலக்கை வண்டிக்கு மட்டும் பழையதையே திருப்பிப் போட்டு அனுப்பினார்கள். கம்பெனிக்காரனே சிக்கனம் பார்த்திருக்கிறான் பாருங்கள்!

இந்த வேலைக்கு எனக்கு முன் இன்னொருவர் விலை சொல்லியிருந்தார். "பிட்மன் ஆர்மைக் காய்ச்சி வளைச்சு, லிங்கை வெட்டி ஒட்டிடலாம் சார், ஒரு வாரம்." கூலி நான் சொன்னதில் கால்வாசி. அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அந்த ஆர்ம் வார்ப்பிரும்பு இல்லை. அடித்து உருவாக்கி, சூட்டுப் பதம் ஏற்றிய எஃகு. கேஸ் கட்டரால் காய்ச்சினால் பதம் போய்விடும். வெல்டிங் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பட்டறை வாசலில் ஒன்றும் ஆகாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எதிரே லாரி வரும்போது, ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, அது உடைந்தால் கையில் இருப்பது வெறும் வளையம். பிரேக் போனாலாவது ஹேண்ட் பிரேக் உண்டு. ஸ்டியரிங் போனால் என்ன உண்டு? ஓட்டப்போவது அந்தப் பெண்.

அதை உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன். புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் கிடைக்கலாம். அது எத்தனை விபத்தைப் பார்த்தது என்று சொல்ல ஆளில்லை. ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் கம்பெனி வலக்கைச் செவர்லேக்களைப் பூட்டியது. அசல் பாகம் அங்கே தேடலாம்; செலவு அதிகம், காலமும் ஆகும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால் 'வி.ஏ.' எழுத்துள்ள தனி எண். சேசிஸை வெட்டியபின் அந்த எண் கேட்டுப் போய் நிற்க முடியுமா? மாற்றம் எதுவானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும் என்பது வேறு. ஆனால் இடக்கை வண்டியை ஓட்டவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 120வது பிரிவு கேட்பது, சரியாக வேலை செய்யும் சிக்னல் கருவி. அவ்வளவுதான்.

அப்பா ஒத்துக்கொண்டார். மகள் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் ஓட்டவே முடியாதா அங்கிள்?" என்றாள். "இடப்பக்கமே உட்கார்ந்து ஓட்டும்மா, உங்க தாத்தா ஓட்டலையா?" என்றேன். இண்டிகேட்டர் ஒயரிங் முழுக்கப் புதிதாக இழுத்தோம். அமெரிக்க ஹெட்லைட் டிம் போட்டால் வலப்பக்கம் சாயும், நம் ஊரில் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதை மாற்றினோம். வலப்பக்கம் பெரிய கண்ணாடி. பால் ஜாயிண்ட், டை ராட் முனை எல்லாம் கழற்றி வெடிப்புச் சோதனை செய்தோம். ஆவடி பக்கம் போக்குவரத்து இல்லாத ஒரு ஞாயிறு காலையில் அவளுக்கு முதல் பாடம். ஓவர்டேக் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வலது சீட்டில் அப்பா உட்கார்ந்து கிளீனர் வேலை பார்க்கிறார்.

அந்த ஸ்டியரிங் அமைப்பை அளந்து வரைந்த படங்களை ஆட்டோமொபைல் துறையிடம் கொடுத்திருக்கிறேன். கண்ணாடிப் பிம்பக் கணக்கைப் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.