தண்ணீருக்கு வாட்டம் வேண்டும்



சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கும் நாட்களில் ஏசி மெக்கானிக்குகளின் போனுக்கு ஓய்வே கிடையாது. கூப்பிடுகிறவர்களில் சிலர், 'குளிரவே மாட்டேங்குது' என்பார்கள். சிலர், 'குளிர்ல ஒரு குறையும் இல்லை, ஆனா தண்ணி சொட்டுது, கட்டிலை நகர்த்திப் போட்டுப் படுத்திருக்கோம்' என்பார்கள். கட்டிலை நகர்த்தியவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

ஏசிக்குள் தண்ணீர்த் தொட்டி எதுவும் இல்லை. ஏர்கூலருக்கு நாம் தண்ணீர் ஊற்றுகிறோம், ஏசிக்கு ஊற்றுவதில்லை. பிறகு இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அறையின் காற்றிலிருந்துதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த பாட்டில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடுகிறதே, அதே கதை. சுவரில் மாட்டியிருக்கும் இண்டோர் யூனிட்டுக்குள் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. செம்புக் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்தது அது. ஏசி ஓடும்போது பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 24 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நீரை விடத் தொடங்கிவிடும். அந்தக் காற்று பத்து டிகிரித் தகட்டைத் தொட்டால் கேட்க வேண்டுமா? புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர், சில நேரம் அதற்கு மேலும் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். இரவெல்லாம் ஓடினால் அரை வாளிக்குக் குறையாது. உள் மாவட்டங்களில் வறண்ட கோடைப் பகலில் இவ்வளவு வராது. ஏசிக் குழாயில் தண்ணீரையே காணோமே என்று திருச்சிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம்.

இந்த இயந்திரம் பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 1902ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தாள் விரிகிறது, காய்ந்தால் சுருங்குகிறது, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர். காற்றைக் குளிர்ந்த குழாய்கள்மேல் செலுத்தி ஈரத்தை வடித்தெடுத்தார். வறண்ட காற்று சிவகாசி அச்சுக்காரர்களுக்கு இயற்கையாகக் கிடைத்த வசதி. கேரியர் அதை இயந்திரத்தால் வரவழைத்தார். மனிதர்களுக்குக் குளிர்ச்சி என்பதெல்லாம் பின்னால் வந்த பேச்சு.

ஆக, தண்ணீர் வருவது கோளாறு இல்லை. வரும் தண்ணீர் போக வேண்டிய வழியில் போகாததுதான் கோளாறு. வழி மிக எளிமையானது. காயிலில் வடியும் நீர் அதன் அடியிலுள்ள ட்ரேயில் விழும். ட்ரேயின் ஓரத்தில் பெருவிரல் பருமனுக்கு ஒரு குழாய், ட்ரெயின் பைப், சுவரைத் துளைத்து வெளியே போகும். பெரும்பாலான வீட்டு ஏசிகளில் இதற்கு மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாக இறங்க வேண்டும். மொட்டை மாடிக்குத் தளம் போடும்போது கொத்தனார் வாட்டம் பார்க்கிறாரே, அந்த வாட்டம் இங்கேயும் வேண்டும். அடைப்பும் இருக்கக் கூடாது.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பு இரண்டே கேள்விகளுக்கு விடை பார்த்து வையுங்கள். எப்போது ஒழுகுகிறது? எங்கிருந்து ஒழுகுகிறது? இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதிப் பழுது தெரிந்த மாதிரிதான்.

ஏசி ஓட ஆரம்பித்து அரை மணி, ஒரு மணி கழித்துச் சொட்டத் தொடங்குகிறது, குளிரிலும் குறைவில்லை, வெளியே குழாயைப் பார்த்தால் தண்ணீர் வரவில்லை. இது அடைப்பு. ட்ரே நிரம்பும்வரை பொறுத்திருந்துவிட்டு அப்புறம் வழிகிறது. எப்போதும் ஈரமாக இருக்கும் ட்ரேயில் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியும் பூஞ்சையும் சேர்ந்து வழவழப்பான பழுப்புக் கசடாகி, குழாயின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஏசி என்றால் குழாயின் வெளிமுனையை ஒருமுறை பாருங்கள். மண்ணைக் குழைத்து அடைத்து வைத்திருக்கும் குளவி. எறும்பும் சும்மா இருப்பதில்லை.

அடைப்பை எடுப்பது எப்படி? முதலில் ஏசியின் எம்சிபி சுவிட்சை அணையுங்கள். ரிமோட்டில் நிறுத்தினால் போதாது. வெளிமுனை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதிலுள்ள மண்ணைக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை அந்த முனையில் வைத்துத் துணியால் இறுகப் பொத்தி ஒரு நிமிடம் இழுக்கவிடுங்கள். கசடு கட்டியாக வந்து விழும். வெளியிலிருந்து உள்ளே ஊதுவதைவிட, வெளியே இழுப்பது நல்லது. ஊதினால் கசடு திரும்ப ட்ரேக்கே போகும், வேகமாக ஊதினால் சுவரெல்லாம் தெறிக்கும். பிறகு ட்ரேயில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, வெளியே ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் வேலை முடிந்தது. ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அலுமினியத் தகடு அரித்துப்போகும். மூன்றாவது மாடியில் சன்ஷேடுக்கு வெளியே தொங்கும் குழாய் என்றால் இந்த வீரமே வேண்டாம். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வகை வேறு மாதிரி. ஓடும்போது பெரிதாக ஒழுகாது. குளிர் மட்டும் வரவரக் குறையும். ஏசியை நிறுத்திய பிறகு தண்ணீர் கொட்டும். உள்ளே காயிலில் பனிக்கட்டி கட்டியிருக்கிறது என்று அர்த்தம். தூசி அடைத்த ஃபில்டர் வழியாகக் காற்று போதுமான அளவு போகாது. காற்று போகாவிட்டால் காயிலுக்கு அறையின் சூடு வந்து சேராது. அது பூஜ்யத்துக்கும் கீழே போய் வடியும் நீரை அங்கேயே உறைய வைக்கும். நிறுத்தியதும் அத்தனையும் உருகி, ட்ரேயில் விழாமல் கண்ட இடத்தில் இறங்கும்.

ஃபில்டரைச் சுத்தம் செய்ய யாரையும் கூப்பிட வேண்டாம். முன்மூடியை இரண்டு ஓரத்திலும் பிடித்துத் தூக்கினால் திறக்கும். உள்ளிருக்கும் வலைகளை உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் காற்றும் போகவில்லை. தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி படலமாக உரிந்து விழும். நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். மெயின் ரோட்டு வீடு, பக்கத்து மனையில் கட்டட வேலை என்றால் வாரம் ஒரு முறை.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் பனி கட்டினால், கேஸ் குறைந்திருக்கலாம். இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. 'வருஷம் ஆச்சு சார், கேஸ் தீர்ந்திருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமையல் கேஸ் எரிந்து தீருகிறது. ஏசியின் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, அடுத்த கோடையிலும் அதே ஆளுக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்வதுதான். 'லீக் எங்கே இருக்கு?' என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் நைட்ரஜன் அடைத்துப் பார்ப்பார், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார், கசிவை அடைத்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றை வாக்குவம் பம்பால் இழுப்பார், பிறகு அவுட்டோர் யூனிட்டில் அச்சிட்டிருக்கும் அளவுப்படி தராசில் நிறுத்து நிரப்புவார். இப்போது வரும் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. சில ஏசிகளில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். இதையெல்லாம் தெருமுனையில் கிடைத்த ஆளிடம் கொடுக்காதீர்கள்.

புதிதாக மாட்டிய அன்றே ஒழுகுகிறது, அல்லது சர்வீஸ் முடிந்து மெக்கானிக் தெருவைத் தாண்டுவதற்குள் ஒழுகுகிறது என்றால், அது வேலையில் வந்த பிழை. ட்ரே சரியாக உட்காரவில்லை, பைப் இணைப்பு கழன்றிருக்கிறது, அல்லது யூனிட் குழாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ரசமட்டத்தை யூனிட்டின் தலையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மட்டமாக இருக்கலாம், குழாய் இருக்கும் பக்கம் ஒரு நூல் இறங்கியும் இருக்கலாம், எதிர்ப்பக்கம் இறங்கக் கூடாது. சுவரில் போட்ட ஓட்டையும் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். வெளியே போகும் குழாய் நடுவில் தொய்ந்து, மறுபடி மேலே ஏறி இறங்கினால், தொய்வில் தண்ணீர் தேங்கி வழியை மறிக்கும். குழாயின் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் இதே தொல்லை.

புதிய அடுக்குமாடி வீடுகளில் இந்தக் குழாயைச் சுவருக்குள் பதித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். உள்ளே எத்தனை வளைவு, எங்கே வாட்டம் தப்பியது என்று பின்னால் யாருக்கும் தெரியாது. சுவரில் ஓதம் ஏறிப் பெயிண்ட் பொருமி உதிரும்போதுதான் தெரியவரும். வீட்டுச் சாவி வாங்கும் முன்பே, ஏசி மாட்டாவிட்டாலும், ஒவ்வொரு அறையின் குழாயிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது மறுமுனையில் வருகிறதா என்று பில்டரின் ஆட்களை நிற்க வைத்துப் பாருங்கள்.

சில ஒழுகல்களுக்கு அடைப்பும் காரணமில்லை, வாட்டமும் காரணமில்லை. யூனிட்டிலிருந்து வெளியே போகும் செம்புக் குழாயைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்ச் உறை இருக்கும். அது கிழிந்தாலோ, அணில் கடித்தாலோ, குளிர்ந்த குழாய் நேராகப் புழுக்கக் காற்றில் பட்டு வியர்த்துச் சுவரோடு வழியும். புது உறை போட்டு டேப் சுற்றினால் சரியாகிவிடும். மழைக்காலத்தில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஏசியை ஓட்டினால், காற்று வரும் வாயில் உள்ள தகடுகளில் நீர் அரும்பிச் சொட்டும். கதவைச் சாத்தினால் நின்றுவிடும். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டாலும் ஒரு வேடிக்கை நடக்கும். ஃபேன் வெளியே தள்ளும் காற்றை ஈடுகட்ட, ட்ரெயின் பைப் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி, இறங்க வேண்டிய தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். 'குளுக் குளுக்' என்று சத்தம் கேட்டால் ஜன்னலைச் சிறிது திறந்து பாருங்கள்.

விண்டோ ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் பின்பக்கம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். பின்னால் தேங்கும் தண்ணீரை அங்குள்ள மின்விசிறி வாரி, சூடான காயில்மேல் தெளிப்பதுபோலவே பல மாடல்களை அமைத்திருக்கிறார்கள். அந்த 'சளக் சளக்' சத்தம் பழுதில்லை, அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

ஏசியை ஓட்டும் முறையைப் பற்றியும் கொஞ்சம். ரிமோட்டில் 16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழைய வகை ஏசிகளில் அதனால் வேகம் கூடாது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வர வேண்டும் என்பது விதி. மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் 25, 26 கூடச் சுகமாகத்தான் இருக்கும். தூங்கி எழுந்ததும் ஏசியை அணைக்கும் முன் பத்து நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள். காயில் உலர்ந்தால் பூஞ்சையும் குறையும், அந்தப் புழுங்கல் வாடையும் குறையும். முழு சர்வீஸை மாசியிலேயே முடித்துவிடுவது நல்லது. சித்திரையில் கூப்பிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

எந்த வகை ஒழுகலானாலும், தண்ணீர் ஸ்டெபிலைசர்மேலோ பிளக்மேலோ விழுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஸ்டெபிலைசர் யூனிட்டுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. விழுகிறது என்றால் ஈரக் கையோடு அதைத் தொடாமல், எம்சிபியை அணைத்துவிட்டு மெக்கானிக் வரும்வரை மின்விசிறியோடு சமாளியுங்கள்.

கடைசியாக அந்த வாளி. ட்ரெயின் பைப்புக்கு அடியில் வாளி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அதைத் தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளலாம், குடிக்கக் கூடாது. தேங்கிய நல்ல தண்ணீரைத் தேடி வருவது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாளாவது வாளியைக் கவிழ்த்து, உட்பக்கத்தை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரோடு ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.