நம் செய்தியை நாமே சொல்வோம்

(பொன்விழாக் கருத்தரங்கின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)





சமூக ஊடகங்களின் வழி சங்கத்தின் பணிகளை மக்களிடம் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பேச்சாளன் இல்லை. போலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவன். மஸ்ஜித் இந்தியாவில் தெருவில் போகிறவரைக் கடைக்குள் அழைக்கத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசப் போகிறேன். தவறு இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை காலை. நம் சாலையில் ஏற்பட்ட நில அமிழ்வில், இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்மணி எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்துவிட்டார். அவரைத் தேடும் பணி ஒன்பது நாள் நடந்து, ஆகஸ்ட் 31-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதற்கிடையே 28-ஆம் தேதி, ஏறக்குறைய ஐம்பது மீட்டர் தள்ளி இன்னோர் இடத்திலும் மண் இறங்கியது. அந்த நாள்களை நாம் யாரும் மறக்க மாட்டோம்.

அந்த வாரத்தில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பெரிய கட்டடம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. "மஸ்ஜித் இந்தியா பக்கம் யாரும் போகாதீர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. பதறிப்போய் நானே அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இது நம்ம ரோடே இல்லையேடா. நாற்பது வருஷமா இங்க நிக்கிறேன், இப்படி ஒரு கட்டடம் இங்க ஏது?" என்றார். உண்மைதான். வேறு ஏதோ ஊரில் எடுத்த படம். நான் அழிப்பதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. மதரஸாவில் படித்தது ஒரு விரலசைவில் மறந்துவிட்டது.

சாலையின் ஒரு பகுதிதான் மூடப்பட்டிருந்தது. பள்ளிவாசலுக்கு வரலாம், மற்றக் கடைகளுக்கு வரலாம். ஆனால் வெளியூர் வாடிக்கையாளர் முழுப் பகுதியையும் மூடிவிட்டார்கள் என்றே நம்பினார். கிள்ளானிலிருந்து வழக்கமாக வரும் ஓர் அக்கா, "கடை இருக்கா தம்பி?" என்று போன் செய்து கேட்டார். எங்கள் கடை வியாபாரம் பாதிக்குக் கீழே போனது. பல கடைகளின் கதையும் அதுதான்.

அந்த நேரத்தில் நம் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் கடைசியாக இருந்தது ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து! யாரையும் குறை சொல்லவில்லை. பக்கத்தைத் திறந்து கொடுத்த தம்பி வேலை மாறிப் போய்விட்டார், கடவுச்சொல் அவரிடம் இருந்தது. ஆனால் நாம் பேசாத இடத்தில் வதந்தி பேசியது. எந்த வழி திறந்திருக்கிறது, எங்கே வண்டி நிறுத்தலாம் என்று சங்கத்தின் பெயரில் தினம் ஓர் அறிவிப்பு வந்திருந்தால் நமக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்?

நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் கடுமையான கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. சாலையில் முள்கம்பி போட்டார்கள். அப்போது நம் இளைஞர்கள் ஒரு புலனக் குழு வைத்து, எந்த வீட்டில் யாருக்கு நீரிழிவு மருந்து வேண்டும் என்று பட்டியல் எடுத்தார்கள். அரட்டை இல்லை, வாழ்த்துப் படம் இல்லை. வேண்டிய செய்தி மட்டும். அதனால்தான் அந்த வேலை நடந்தது.

இப்போது இன்னொரு சம்பவம். போன வருடம் ஒரு தாய் கடைக்கு வந்தார். மகன் எஸ்.பி.எம். முடித்திருந்தான். சங்கத்தின் கல்வி உதவி நிதியைப் பற்றிக் கேட்டார். விண்ணப்பம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. "குழுவில் போட்டோமே, பார்க்கவில்லையா அக்கா?" என்று கேட்டேன். "நானும் அந்தக் குழுவில்தான் தம்பி இருக்கேன். வெள்ளிக்கிழமை வந்தா நூறு 'ஜும்ஆ முபாரக்' வருது. அதுக்குள்ள எதைத் தேடுறது?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அந்த அறிவிப்பைத் தேடிப் பார்த்தேன். அழகான சுவரொட்டிப் படம். மேலே ஐந்து பொறுப்பாளர்களின் புகைப்படம். கடைசி நாள் எப்போது என்பது அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. படமாக இருந்ததால் 'கல்வி உதவி' என்று தட்டித் தேடினாலும் கிடைக்கவில்லை. நிதி இருந்தது, மாணவன் இருந்தான், செய்திதான் போய்ச் சேரவில்லை. ஐம்பது ஆண்டுகளாக நல்ல காரியம் செய்து வரும் சங்கத்துக்கு இது சின்னக் குறை இல்லை.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, அறிவிப்புக்கும் உரையாடலுக்கும் தனித்தனி இடம் வேண்டும். புலனத்தில் 2023 முதல் 'சேனல்' என்ற வசதி இருக்கிறது. அதில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போட முடியும். பின்தொடர்பவரின் எண் மற்றப் பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. குழுவில் தங்கள் எண் எல்லாருக்கும் தெரிகிறதே என்று தயங்கும் நம் சகோதரிகளுக்கு இது ஏற்றது. குழு அப்படியே இருக்கட்டும், அங்கே பேசிக்கொள்வோம். ஜனாஸா அறிவிப்பு, கூட்டம், உதவி நிதி ஆகியவை சேனலில் வரட்டும்.

இரண்டாவது, படத்தோடு எழுத்தும் வேண்டும். என்ன, யாருக்கு, கடைசி நாள், யாரைக் கேட்பது ஆகிய நான்கும் முதல் நான்கு வரியில் வந்துவிட வேண்டும். தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். அவர்களை விட்டுவிட முடியாது. வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அரை நிமிடக் குரல் பதிவு போதும்.

மூன்றாவது, எங்கே யார் இருக்கிறார்களோ அங்கே போக வேண்டும். என் கடை அனுபவத்தில், அத்தா வயதுக்காரர்கள் முகநூலில் இருக்கிறார்கள். தங்கை வயதுப் பிள்ளைகள் டிக்டாக்கில் இருக்கிறார்கள். ஒரு மணி நேர உரையை முழுதாகப் போட்டால் பிள்ளைகள் பார்ப்பதில்லை. அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியும் பதிலும் எடுத்து ஒரு நிமிடத்தில் போட்டால் பார்க்கிறார்கள். முழு உரை யூடியூப்பில் இருக்கட்டும், வேண்டியவர் போய்க் கேட்பார்.

நான்காவது, கணக்குகள் சங்கத்தின் சொத்து. அலுவலகச் சாவி போலத்தான் கடவுச்சொல்லும். குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள், சங்கத்தின் பெயரில் ஒரு தொலைபேசி எண், இரண்டு கட்டப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது வங்கிக் கணக்கை ஒப்படைப்பதுபோல இதையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஐந்தாவது, பண விஷயம். நன்கொடை கேட்டுப் போலிச் செய்திகள் வரும் காலம் இது. சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கைத் தவிர வேறு எந்தத் தனிநபர் கணக்கையும் நாம் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைச் சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 997-க்கு அழைக்க வேண்டும். இதையே ஒரு பதிவாகப் போட்டால் உறுப்பினர்களுக்கு எவ்வளவோ பயன்.

ஆறாவது, இதைச் சற்று வருத்தத்தோடு சொல்கிறேன். உதவி வாங்குகிறவரின் முகத்தைப் படம் போடாதீர்கள். அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் பொறுப்பாளர்கள், நடுவில் தலை குனிந்து ஒரு விதவைத் தாய். அவர் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் அந்தப் படம் போய்ச் சேரும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இத்தனை குடும்பங்களுக்கு, இத்தனை வெள்ளி என்று கணக்கைப் போடுங்கள், அது நம்பிக்கையை வளர்க்கும். பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்டுவிட்டுப் போடுவோம்.

பெரியவர்கள் சிலர், "இதெல்லாம் விளம்பரம், நமக்கு எதற்கு?" என்று கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. எத்தனை பேர் விருப்பக் குறி போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது விளம்பரம்தான். இந்த ஆண்டு உதவி நிதிக்கு எத்தனை விண்ணப்பம் கூடியது, இரத்த தான முகாமுக்கு எத்தனை புது முகம் வந்தது என்று எண்ணினால் அது சேவை. நாம் இரண்டாவதை எண்ணுவோம்.

செய்தி சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தினார். 1890 வரைதான் அது வந்தது. ஆனாலும் அதன் இதழ்களைப் பாதுகாத்து வைத்ததால், அன்றைய நம் மக்கள் என்ன பேசினார்கள், என்ன வியாபாரம் செய்தார்கள் என்று இன்றும் படிக்க முடிகிறது. நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டுப் புகைப்படங்களும் கூட்டக் குறிப்புகளும் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. கரையான் வருவதற்குள் அவற்றை மின்படியாக்கி, வாரம் ஒன்றாகப் போடுவோம். படத்தில் இருப்பவர் யார், எந்த வருடம் என்று சொல்ல இந்த அரங்கில் இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இளைஞர் அணி எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் நான் வருகிறேன். ஸ்கேனர் கொண்டு வருவது என் பொறுப்பு.

அந்தத் தாயின் மகனுக்கு இந்த ஆண்டு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, அல்ஹம்துலில்லாஹ். கடைசி நாள் எப்போது என்று நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லா வீட்டுக்கும் ஒருவர் நடந்துபோய்ச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.